இடது பெருவிரல்

நன்றாக விழுந்தாய் என்று ஒருவனைப் பாராட்டி மெயில் வருவதெல்லாம் இந்தக் காலத்துக் கூத்து. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், முன்பு ஊதுவத்தி மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்கு ஒன்று இப்போது ஸ்டுடியோவாக இருக்கிறது. மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும் சந்தன வாசனை கிளம்பும். அந்த ஸ்டுடியோவுக்குத்தான் அன்று காலை அப்படி ஒரு மெயில் வந்தது.

அனுப்பியது கால்பந்து வீடியோ கேம் தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனி. கேமில் வரும் வீரர்கள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடுகிறார்கள் என்று உலகமெங்கும் பையன்கள் திட்டித் தீர்க்கிறார்கள். அதனால் நிஜ ஆட்டக்காரன் ஒருவனுக்கு, உடம்பெல்லாம் பளபளக்கும் சின்ன உருண்டைகள் ஒட்டிய உடையை மாட்டி, ஓடவும் உதைக்கவும் எகிறவும் விழவும் வைத்து, சுற்றிலும் மாட்டிய கேமராக்களால் அந்த அசைவை அப்படியே பிடித்து அனுப்ப வேண்டும். இங்கே ஓடுகிறவன் கவின்ராஜ். பிடித்த அசைவில் இருக்கும் பிசிறுகளைக் கம்ப்யூட்டரில் நீக்கிச் சுத்தம் செய்கிறவள் அவன் மனைவி ஸ்ரீதேவி. அவன் ஹனூர் பக்கம், அவள் கொள்ளேகால். அவனுடைய அப்பா சித்தையனுக்கு மகனின் வேலை இன்றுவரை பிடிபடவில்லை. "மாடு விழுந்தா வைத்தியம் பாக்கறோம். இவன் விழுந்தா சம்பளம் குடுக்கறாங்களாமா" என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்.

ஸ்டுடியோவை நடத்தும் உதயகுமார் அந்த மெயிலை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். மற்ற ஊர்களில் பிடித்து அனுப்பும் ஆட்கள், விழுவதற்குச் சற்று முன்பே கையை விரித்துவிடுகிறார்களாம். விழப்போவது அவர்கள் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதாம். உங்கள் ஆளின் உடம்புக்கு அது தெரியவே இல்லை, இத்தனை நிஜமான தடுமாற்றத்தை நாங்கள் எங்கும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கவின்ராஜ் கூச்சத்தில் பின்கழுத்தைத் தடவிக்கொண்டான். ஸ்ரீதேவியும் உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். கெட்ட சேதி சில நேரம் மாலை போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வரும். வருகிறபோது அதற்கு நாமே ஆரத்தியும் எடுத்துவிடுவோம்.

மறுநாள் விடுமுறை என்பதால் அன்று மாலையே ஸ்டுடியோவில் ஆயுத பூஜை. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், பொரிக் கடலை எல்லாம் வாசலில் வந்து இறங்கியிருந்தன. ஸ்ரீதேவி சரிகை போட்ட கொள்ளேகால் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் புடவையோடு அவள் படம்பிடிக்கும் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. கேமராக்களுக்கு உருண்டைக்கும் சரிகைக்கும் வித்தியாசம் தெரியாது. பளபளப்பது எதுவானாலும் அதைப் புள்ளியாக எடுத்துக்கொண்டு குழம்பிப்போகும். அதனால் கூடத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை உண்டு. உள்ளே போகிறவர்கள் வளையல், வாட்ச், மூக்குத்தி எல்லாவற்றையும் அதில் கழற்றிப் போட வேண்டும். கோயிலுக்குள் செருப்போடு போனாலும் போகலாம், அந்தக் கூடத்துக்குள் மோதிரத்தோடு போகக் கூடாது.

பூஜைக்கு முன்னால் ஒரே ஒரு காட்சி பாக்கியிருந்தது. மேடையிலிருந்து எகிறித் தலையால் பந்தை முட்டும்போது எதிராளி மோத, மெத்தையில் தோள்பட்டையோ கழுத்தோ முதலில் படும்படி விழ வேண்டும். எதிராளியாக மோதுகிறவன் சந்துரு. அவனும் ஸ்டுடியோவில் புள்ளி ஒட்டிக்கொண்டு ஓடுகிற ஆட்டக்காரன்தான். கம்பெனிக்காரர் ஒருவர் வீடியோ காலில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்ரீதேவி கேட்டாள்.

"ஏனுங்க, எப்படிங்க அப்படி விழுந்தீங்க?"

"எது, மெயில்ல வந்ததா?" கவின்ராஜ் சிரித்தான். "அந்த டேக்ல என்னைய விழச் சொல்லவே இல்ல புள்ள. நேரா ஓடத்தான் சொன்னாங்க. கால் தட்டிருச்சு. உதயண்ணன் அதையே நல்லாருக்குன்னு அனுப்பிப் போட்டாரு."

அவனுக்கு அது வேடிக்கை. ஸ்ரீதேவியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்போது அவள் கண் அவன் கையில் இருந்த ஸ்பூனில் போய் நின்றது. சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுகிற ஆள் இல்லை அவன். சில வாரங்களாகத்தான் இப்படி. மைசூருக்கு வந்து துரையாகிவிட்டீர்கள் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். பட்டன் வைத்த சட்டைகளை அவன் போடுவதில்லை, எல்லாம் டீ ஷர்ட்டாகிவிட்டது. அதையும் ஸ்டைல் என்றுதான் நினைத்தாள். இப்போது அந்த ஸ்பூன் தட்டின் விளிம்பில் லேசாகக் கடகடவென்று தட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. ஸ்ரீதேவி தன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். மெயிலில் புகழ்ந்த கோப்பைத் தேடினாள். அவன் சொன்னது சரி. அது விழுகிற காட்சிகளின் வரிசையில் இல்லை. ஓட்டம் என்றுதான் பெயர் வைத்திருந்தது.

அவள் கம்ப்யூட்டரில் கவின்ராஜுக்கு முகம் கிடையாது. புள்ளிகளையும் கோடுகளையும் கொண்ட எலும்புக்கூடு அவன். கல்யாணம் ஆன புதிதில், பத்து எலும்புக்கூடுகளை ஓடவிட்டாலும் என் வீட்டுக்காரர் எது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். அவ்வளவு நேரம் அதைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு தொல்லை மட்டும் அவளுக்கு வெகுநாளாக உண்டு. ஓடும்போது இடது கால் பெருவிரலில் இருக்கும் புள்ளி தரைக்குள் முங்கி எழும். கால் முன்னால் வீசி வரும்போது விரல் மேலே இருக்க வேண்டும். இது தரையை உரசிக்கொண்டு வரும். இடது பக்கத்துக் கேமரா பழசு, அதன் கோளாறுதான் என்று அவள் புகார் சொன்னாள். உதயகுமார் புதுக் கேமரா வாங்கி மாட்டினார். அப்போதும் விரல் முங்கியது. சலித்துப்போய், அந்த விரலைத் தானாகத் தூக்கிவிடும் சின்ன புரோகிராம் ஒன்றை அவளே எழுதிக்கொண்டாள். ஒரு பட்டனைத் தட்டினால் போதும், பெருவிரல் சமர்த்தாக மேலே எழும்பும். நல்ல கெட்டிக்காரி என்று உதயகுமார் அதற்காகப் பாராட்டினார்.

இப்போது அந்தப் பட்டனைத் தட்டாமல், பிடித்தது பிடித்தபடியே இருக்கும் கோப்பைத் திறந்தாள். முதலில் சந்துருவின் ஓட்டத்தைப் பார்த்தாள். அதே கேமரா, அதே தரை. அவன் பெருவிரல் அழகாக மேலே வந்தது. கேமராவின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பொங்கல் சமயத்தில் பிடித்த கவின்ராஜின் ஓட்டத்தை எடுத்தாள். விரல் மேலேதான் இருந்தது. உகாதிக்குப் பிறகு பிடித்ததில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஆடி மாதத்து ஓட்டத்தில் தரையைத் தொட்டது. போன வாரத்து ஓட்டத்தில் இழுத்துக்கொண்டே வந்தது. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓடவிட்டாள். ஒரே மனிதன் நான்காக ஓடினான். முன்னால் ஓடியவன் ஆட்டக்காரன். கடைசியில் வந்தவன் நோயாளி. இத்தனை நாளும் அவனுக்கு மேக்கப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது அவள்தான்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் பயத்துக்கு ஒரு குணம் உண்டு, பாதிக் கதவைத் திறந்தவளை அது சும்மா விடாது. தலையால் பந்து முட்டும் காட்சிகளையும் திறந்தாள். அவற்றிலும் அவள் வழக்கமாகத் துடைக்கிற பிசிறு ஒன்று உண்டு. மோவாய் நெஞ்சில் படும்படி தலை குனிகிற ஒவ்வொரு முறையும் உடம்பிலுள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரு கணம் துள்ளும். கேமரா துள்ளினால் அப்படித்தான் வரும் என்று வழித்து விட்டுவிடுவாள். இப்போது அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். கேமராக் கோளாறு என்றால் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். இது கழுத்தில் தொடங்கியது. அங்கிருந்து கைகளுக்குப் போனது. பிறகு முதுகு வழியாக இறங்கிக் கால்களுக்குப் போனது. ஏதோ ஒன்று அவனுக்குள் தலையிலிருந்து கால்வரை ஓடுவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்து வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. படம்பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் சற்று நேரத்தில் அவன் மேடையிலிருந்து குதித்துக் கழுத்தில் விழுவான்.

ஸ்ரீதேவி ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் கழன்று விழுந்தது. கூடத்து வாசலில் இருந்த ஆள் கூடையை நீட்டிக்கொண்டே தடுத்தான். அவனைத் தள்ளிக்கொண்டு, கை நிறைய வளையலும் உடம்பு நிறையச் சரிகையுமாக உள்ளே நுழைந்தாள். அவ்வளவுதான், எல்லாக் கேமராக்களும் ஒன்றாகக் கலங்கிப்போயின. பெரிய திரையில் நின்ற எலும்புக்கூட்டின்மேல் வெள்ளைப் புள்ளிகள் பொரி கொட்டினாற்போல் கொட்டின. கவின்ராஜ் மேடையின் விளிம்பில் முழங்காலை மடக்கி நின்றிருந்தான். திரை சிதறியதைப் பார்த்து உதயகுமார் கட் என்று கத்தினார். அப்படியே திரும்பி ஸ்ரீதேவியைப் பார்த்தவர், கம்பெனிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறந்து கன்னடத்தில் இரண்டு வார்த்தை திட்டினார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மேடைக்குக் கீழே போய் நின்றாள். "எறங்குங்க. மொதல்ல எறங்குங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் இறங்கினான்.

"தலையக் குனிஞ்சா உங்களுக்கு என்னங்க ஆகுது?"

கவின்ராஜ் உதயகுமாரைப் பார்த்தான். "கரண்ட் அடிக்கும். இந்த உடுப்புலதான். நாந்தான் சொன்னனே அண்ணா, நீங்ககூட பேட்டரிய மாத்துனீங்களே."

விரல் அசைவைப் பிடிப்பதற்காகக் கையுறை போட்டிருப்பான். அதற்கு முதுகில், கழுத்துக்குக் கீழே சின்ன பேட்டரி ஒன்று கட்டியிருக்கும். ஷாக் அடிக்கிறது என்று அவன் சொன்னதும் உதயகுமார் பேட்டரியை மாற்றினார். மறுபடி சொன்னதும் ஒயரையும் மாற்றினார். மூன்றாவது தடவை சொல்ல அவனுக்கே கூச்சமாகிவிட்டது. ஆம்பிளை, கொஞ்சம் கரண்டைத் தாங்க மாட்டானா என்று இருந்துவிட்டான்.

"இன்னிக்குக் காலைல பேசின்ல குனிஞ்சு மூஞ்சி கழுவுனீங்கல்ல, அப்ப?" என்று கேட்டாள். "வீட்ல ஏதுங்க பேட்டரி?"

"அப்பவும் வந்துச்சு. உடம்புல மிச்சங்கிச்சம் தங்கியிருக்கும்னு நெனச்சுட்டேன்."

சந்துரு பக்கென்று சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவனும் வாயை மூடிக்கொண்டான். மிச்சம் வைக்க உடம்பு என்ன தண்ணீர்த் தொட்டியா? ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோருமே அதே புத்திசாலிகள்தான். ஒரு மனிதன் ஷாக் அடிக்கிறது என்று சொன்னால் பேட்டரியைப் பார்த்தார்கள், கால் இழுத்தால் கேமராவைப் பார்த்தார்கள். மனிதனைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

உதயகுமார் குரலைத் தணித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "சும்னே பயப்படாதம்மா. ஒரே ஒரு டேக். ஆய்த்து, முடிஞ்சுரும், அப்பறம் நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"இல்லீங்க சார். இவரு இனி விழ மாட்டாரு."

சொல்லிவிட்டு அவரிடம் அனுமதி கேட்காமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்த நான்கு ஓட்டங்களையும் பெரிய திரையில் போட்டாள், துடைக்காமல், பட்டனைத் தட்டாமல். முகமில்லாத உருவம் இடது காலை இழுத்துக்கொண்டு திரையில் ஓடியது. பிறகு தலைகுனிந்து துள்ளியது. கவின்ராஜ் தன் ஓட்டத்தை இதுவரை சுத்தம் செய்த பிறகுதான் பார்த்திருக்கிறான். திரைக்கு அருகே போய் அண்ணாந்து பார்க்கத் தலையைத் தூக்கியவன், பாதியில் பயந்து நிறுத்திக்கொண்டான்.

"அது நானா தேவி?" என்று கேட்டான்.

வீடியோ காலில் இருந்த கம்பெனிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உதயகுமார் கும்பிடுவதுபோல் கையைத் தூக்கிவிட்டு அந்த அழைப்பை நிறுத்தினார்.

அவருடைய காரிலேயே கிளம்பினார்கள். ஸ்ரீதேவி பின்சீட்டில் கவின்ராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கழுத்தில் தொடங்கியது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், அது போதும். வேகத்தடைகளில் கார் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் உயிர் ஒருமுறை போய்விட்டு வந்தது. போதாக்குறைக்கு ஒவ்வொரு பட்டறை முன்னாலும், ஒவ்வொரு கடை முன்னாலும் குங்குமம் தடவிய பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துப் போட்டிருந்தார்கள். ஊருக்கே திருஷ்டி கழிகிறது, இன்று நம் வண்டி இதில் வழுக்கினால் என்ன ஆவது என்று அவள் நடுங்கினாள். மாடு நடப்பதுபோல் போங்கள் சார் என்று உதயகுமாரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பாவம், அவரும் ஹாரன் அடித்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு அப்படித்தான் ஓட்டினார்.

"ஏம் புள்ள, எனக்கு என்னாகும்?" என்று வழியில் அவன் கேட்டான்.

ஒண்ணும் ஆகாதுங்க என்றாள். தன் குரலைத் தானே நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் மல்லம்மா அவனைக் கட்டிலில் படுக்கவைத்து, சின்ன சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் உதைத்த வேகத்தில் டாக்டரின் கையிலிருந்த பேனா தெறித்துப்போய் விழுந்தது. சட்டைப் பட்டன் ஒன்றைப் போடச் சொன்னார். கவின்ராஜ் விரல்களோடு மல்லாடினான். டாக்டரின் முகம் மாறியதை ஸ்ரீதேவி பார்த்தாள். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழாய்க்குள் அவன் போய்விட்டு வெளியே வரும்வரை, ஸ்ரீதேவி சுவரோரம் நின்று பட்டுப் புடவையின் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் கன்னடமும் தமிழுமாக நிதானமாக விளக்கினார். கழுத்தெலும்புக்குள் நரம்புத்தண்டு போகிற வழி இவனுக்குப் பிறவியிலேயே குறுகல். பந்தைத் தலையால் முட்டி முட்டியும் விழுந்து விழுந்தும் எலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு பிதுங்கி, அந்தத் தண்டை நசுக்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கால் இழுக்கிறது, விரல் தடுமாறுகிறது, குனிந்தால் மின்சாரம் ஓடுகிறது. ஆபரேஷன் செய்து நசுக்குவதை எடுத்துவிடலாம். இனிமேல் மோசமாகாது. இதுவரை போனதில் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

"இன்னிக்கு அவரு மேல இருந்து விழுந்திருந்தா டாக்டர்?" என்று ஸ்ரீதேவி கேட்டாள்.

டாக்டர் நர்ஸைக் கூப்பிடாமல் தானே எழுந்து போய் அவன் கழுத்தில் கெட்டியான பட்டை ஒன்றை மாட்டினார். ஒன்றுக்குப் போகக்கூடக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொன்னார். ஸ்ரீதேவிக்குப் பதில் கிடைத்துவிட்டது. அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தடுத்தாயிற்று, பிழைத்தாயிற்று என்று அப்போது நிம்மதி வரவில்லை. நடக்காமல் போனதை நினைத்தும் நடுங்கத்தான் செய்தாள்.

தனியாக இருந்தபோது அவனிடம் சொன்னாள். "நாந்தாங்க அழிச்சுட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவயும் உங்க கால் எனக்குக் காட்டுச்சு. நான் பட்டனத் தட்டி அழிச்சேன்."

அவன் கழுத்தைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "நானுந்தான் பேட்டரிய மாத்திட்டே இருந்தேன். வுடு புள்ள."

மறுநாள் ஊரிலிருந்து சித்தையனும் ஸ்ரீதேவியின் மாமியார் பாப்பாத்தியும் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்து வந்தார்கள். மகன் விழுவதைச் சொல்லிச் சிரித்த மனிதர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் விஜயதசமிக்குத் தசரா யானை ஊர்வலம் பார்க்கப் போன நேரத்தில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிப் பக்கத்து ரோட்டில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் ஸ்ரீதேவி எழுந்து நின்றாள், மூடியதும் உட்கார்ந்தாள். பாப்பாத்தி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, பல்லைக் கடித்துக்கொள்ளு கண்ணு என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஸ்ரீதேவிக்குப் பயம் முடியவில்லை, அது வேறு இடத்துக்கு மாறியது. சில நாளில் அவனை எழுப்பி வராந்தாவில் நடக்கவிட்டார்கள். ஒரு பக்கம் நர்ஸ், மறுபக்கம் சந்துரு. அவன் அடியெடுத்து வைத்ததுமே நல்லா நடக்கறாரே என்றாள் நர்ஸ். சூப்பர் அண்ணா என்றான் சந்துரு. பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்த உதயகுமார், சென்னாகிதே, நல்லாருக்கு, ஒரு மாசத்துல ஓடுவ பாரு என்றார். பாப்பாத்தி மகனுக்குத் திருஷ்டி கழித்தார். ஸ்ரீதேவி மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தாள். முகத்துக்குக் கீழே அவள் கண் இறங்கவே இல்லை. முகமே இல்லாமல் அவன் கால்களை மட்டும் இத்தனை காலம் பார்த்தவளுக்கு, இன்று அந்தக் கால்களைப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும். வேறு யாரைவிடவும் அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.

வராந்தாவின் கோடியில் கவின்ராஜ் நின்றான். அவர்கள் கைகளை விலக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க தேவி. இந்தப் பட்டையால எனக்குக் கீழ ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. உனக்குத்தான் தெரியும். நீ பாத்துச் சொல்லு."

"நல்லாத்தானுங்க இருக்குது."

"பாக்காம சொல்ற."

அவன் கம்பியைப் பிடித்தபடி அவளை நோக்கி நடக்கத் தொடங்கினான். ஸ்ரீதேவி கண்ணைக் கீழே இறக்கினாள். வலது கால் சரியாக வந்தது. இடது கால் வீசி வரும்போது பெருவிரல் தாழ்ந்தது. ஆஸ்பத்திரிச் செருப்பு தரையில் சர்ரென்று உரசியது. அவள் வலது கை தானாக அசைந்தது. ஆள்காட்டி விரல் இடுப்பருகே காற்றில் எதையோ தட்டியது. தட்டிவிட்டுத்தான் தெரிந்தது, அங்கே பட்டன் இல்லை.

மறுபடியும் உரசியது. அவள் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது எட்டிலும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அருகில் வந்து மூச்சு வாங்க நின்றான். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். நல்லாருக்குன்னு சொல்லிரு கண்ணு என்பதுபோல் பாப்பாத்தியின் கண் கெஞ்சியது.

"பெருவிரல் தட்டுதுங்க" என்றாள் ஸ்ரீதேவி.

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் அவளையே பார்த்தான். "அப்பறம்?"

"தட்டுனதும் தூக்கிக்குது. முன்னால தட்டுனா அப்படியே இழுத்துட்டு வரும். இப்ப தட்டுனது உங்க காலுக்குத் தெரியுது." அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு பார்வை மறைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து தரையைப் பார்த்தாள். "ரெண்டாவது எட்டுல தட்டுச்சு. மூணாவது எட்டுல தூக்கிருச்சு. நாலாவதுல மறுக்காத் தட்டுச்சு."

கவின்ராஜ் தலையை ஆட்ட முடியாத அந்தப் பட்டைக்குள்ளிருந்து, சரி என்றான். கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

"இன்னொருக்கா நடக்கறேன். நீ பாத்துட்டே வா" என்றான்.

ஸ்ரீதேவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தலையைக் குனிந்து அவன் கால்களைப் பார்த்தபடி கூடவே நடந்தாள்.